பிரேக் பக்கம் போக வேண்டாம்

ஜனவரி 18

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. நானும் குட்டியும் நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? பட்டறையில் வேலை அதிகமா? நேரத்துக்குச் சாப்பிடுங்கள். டீயிலேயே நாளை ஓட்டாதீர்கள்.

உங்கள் அண்ணனைப் போன செவ்வாய்க்கிழமை பார்த்துவிட்டு வந்தேன். தீர்ப்பாகி உள்ளே போய் ஏழு வாரம் ஆகிறது. இளைத்திருக்கிறார், சளி வேறு. கேட்டால் "எல்லாம் சரியா இருக்கு" என்கிறார். இரண்டு வருஷத்தில் ஏழு வாரம்தான் கழிந்திருக்கிறது என்பதை நாங்கள் இருவருமே பேசவில்லை.

எழுதுவதற்குக் காரணம் குளியலறைக் குழாய். பதினோரு நாளாகச் சொட்டுகிறது. குழாய் ரிப்பேர்காரரிடம் மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. "நாளைக்கு வரேம்மா" என்கிறார், வருவதில்லை. முன்பெல்லாம் கூப்பிட்ட அரை மணியில் வந்து நிற்பார். நம் கார் மோதி இறந்துபோன தையல்காரம்மாதான் அவருடைய மகளுக்கு உடுப்பு தைத்துக் கொடுத்தவராம். அதனால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் அண்ணனைத்தான் தெரியுமே. ஆணியை விட்டுவிட்டு விரலில் அடித்துக்கொள்கிறவர். எது பழுதானாலும் "தம்பி வரட்டும்" என்பார். இனி நானே கற்றுக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன். எப்படிச் செய்வது என்று எழுதுங்கள். போனில் சொன்னால் எனக்கு நிற்காது. காகிதமாக இருந்தால் சுவரில் ஒட்டிவைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்யலாம்.

சொல்ல மறந்தேனே. காவல் நிலையத்தில் நின்ற காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். முன்விளக்கு ஒன்று உடைந்திருக்கிறது, வேறு சேதம் இல்லை. ஷெட்டில் துணி போட்டு மூடிவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணி


ஜனவரி 26

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் குட்டியும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணி ஸ்பேனர் பிடிக்கப்போகிறார் என்று பட்டறையில் சொன்னேன். எங்கள் முதலாளி, "நாளைக்கே அனுப்பி வை, இங்க ஆள் பத்தல" என்கிறார்.

குழாய் விஷயம். முதலில் குளியலறைக்கு வரும் தண்ணீரை நிறுத்துங்கள். சுவரோரம் ஒரு திருகு இருக்கும். இதை மறந்தால் குளிக்கவே போகாமல் குளித்துவிடுவீர்கள். பிறகு சொட்டுகிற குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். தொட்டியின் ஓட்டையில் ஒரு துணியை அடைத்துவையுங்கள். கையிலிருந்து திருகு நழுவினால் நேராக அங்கேதான் போய் விழும், நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். ஸ்பேனரின் வாயில் துணி சுற்றிக்கொண்டு இடது பக்கம் திருப்புங்கள். குழாயின் தலை கழன்று வரும். அதன் அடியில் கறுப்பாக ஒரு ரப்பர் வாஷர். அதுதான் குற்றவாளி. அதைக் கையோடு கடைக்கு எடுத்துப்போய் அதே அளவில் வாங்குங்கள். வாயால் அளவு சொன்னால் வேறு எதையோ தருவார்கள். திரும்ப மாட்டும்போது பலத்தைக் காட்ட வேண்டாம். போதும் என்று கையே சொல்லும், அங்கே நிறுத்திவிடுங்கள்.

பெண் வீட்டில் ஜூலையில் கல்யாணத் தேதி கேட்கிறார்கள். அண்ணன் இல்லாமல் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அண்ணனே "எனக்காக நிறுத்தாதே" என்று எழுதிவிட்டார்.

காரை விற்றுவிடுங்கள். எதுவும் செய்யாமல், அப்படியே. பழைய இரும்பு எடுப்பவர்களிடம் சொன்னால் இழுத்துப் போய்விடுவார்கள்.

உங்கள்,
தம்பி


பிப்ரவரி 10

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

சொட்டு நின்றுவிட்டது! தலையைக் கழற்ற ஒரு மணி நேரம் ஆயிற்று. கழன்றதும் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு டீச்சர் ஓடிவந்துவிட்டார். அன்றிரவு வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. அந்தத் தெம்பில் சமையலறைக் கதவின் கீலுக்கு எண்ணெய் போட்டேன், கூடத்து ஸ்விட்சை மாற்றினேன். மெயினை நிறுத்திவிட்டுத்தான், பயப்படாதீர்கள். உங்கள் கடிதம் குளியலறைச் சுவரில் ஈரத்தோடு ஈரமாக இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

காரை நான் விற்கப்போவதில்லை. காரணம் சொல்கிறேன். மருந்துக்கடையில் என்னை ஊர் எல்லையிலுள்ள கிளைக்கு மாற்றிவிட்டார்கள். "உங்க நல்லதுக்குத்தாம்மா" என்றார் மேனேஜர். இரண்டு பஸ் மாற வேண்டும். அதில் ஒன்று அந்தச் சரிவுத் தெரு வழியாகப் போகிறது. தையல்காரம்மாவின் கடைக்கு எதிரேதான் நிறுத்தம். ஷட்டர் இன்னும் மூடித்தான் கிடக்கிறது. அந்த இடம் வந்ததும், பள்ளிக்கு என்னோடு வரும் குட்டி கண்ணை மூடிக்கொள்கிறாள். போன வாரம் பின் சீட்டில் ஒருத்தி, "இதுதான் அந்த கார்க்காரரோட பொண்ணு" என்று எங்கள் காதுபடவே சொன்னாள். ஒன்பது வயசுக் குழந்தை, தம்பி. காரில் போனால் பின்பக்கச் சாலையாகச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். எனக்கு லைசென்ஸ் இருக்கிறது.

ஆறு மாதமாக ஓடாத வண்டியை எடுக்க என்னென்ன பார்க்க வேண்டும்? வரிசையாக எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னியுங்கள். பட்டறையில் ஆள் குறைவு, எனக்கும் இரண்டு மூன்று நாள் காய்ச்சல். இப்போது பரவாயில்லை.

பேட்டரி இறங்கியிருக்கும். கழற்றும்போது முதலில் மைனஸ் ஒயர், மாட்டும்போது அதைக் கடைசியாக. முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றித் துடையுங்கள். டயரில் காற்று இருக்காது. எஞ்சின் ஆயில் பார்க்க ஒரு நீளக் கம்பி இருக்கும். உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தால் இரண்டு கோடுகளுக்கு நடுவே எண்ணெய் நிற்க வேண்டும். ரேடியேட்டர் மூடியை எஞ்சின் சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது. வைப்பர் ரப்பர் வெடித்திருக்கும், மாற்றிவிடுங்கள்.

பிரேக் பக்கம் போக வேண்டாம். அது புதிதாகக் கற்பவர்கள் கைவைக்கும் இடம் இல்லை. விபத்துக்குப் பிறகு வண்டியைச் சோதித்த ஆய்வாளரே நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்திருக்கிறாரே.

இப்போதும் சொல்கிறேன், விற்றுவிடுவதே நல்லது.

தம்பி


மார்ச் 13

அன்புள்ள தம்பிக்கு,

காய்ச்சல் விட்டதா? கஷாயம் ஏதாவது குடித்தீர்களா, மாத்திரையோடு சரியா? நாங்கள் நலம்.

உங்கள் கடிதத்தில் ரேடியேட்டருக்குக் கீழே இரண்டு வரியை எழுதி அடித்திருக்கிறீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் படிக்க முடியவில்லை. முக்கியமானது என்றால் மறுபடி எழுதுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் துணியை எடுத்தேன். உடைந்த விளக்கைப் பார்க்காமல் பானட்டை மட்டும் பார்த்துக்கொண்டு வேலை செய்தேன். பேட்டரியைச் சார்ஜ் போட்டு மாட்டியாயிற்று. காற்று அடித்தாயிற்று. எண்ணெய் இரண்டு கோட்டுக்கு நடுவே நிற்கிறது. சாவியைத் திருப்பினேன், இரண்டு இருமல் இருமிவிட்டு எஞ்சின் எழுந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது.

நீங்கள் சொன்னபடி சக்கரத்தைக் கழற்றிப் பிரேக்கைத் தொடவில்லை. ஆனால் காரோடு வந்த கையேட்டில், வாரம் ஒரு தடவை பார்க்க வேண்டியவை என்று போட்டிருக்கிறது. மூன்றாவதாகப் பிரேக் ஆயில். பார்ப்பதில் என்ன தப்பு என்று அந்தச் சின்ன டப்பாவின் மூடியைத் திறந்தேன். அதற்குள் ஒரு ரப்பர். துவைத்துத் துவைத்துத் தொளதொளத்துப் போன சட்டை மாதிரி உப்பி, மடிந்து மடிந்து நின்றது. திரும்ப மூடிக்குள் உட்காரவே மாட்டேன் என்கிறது. எண்ணெய் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும் என்கிறது கையேடு. இதில் மேலே பழுப்பாக ஒன்று, அடியில் வேறு ஒன்று. மருந்துப் பாட்டில் இப்படி இரண்டாகப் பிரிந்திருந்தால் நாங்கள் கடையில் விற்க மாட்டோம்.

உங்கள் அண்ணன் நீதிமன்றத்தில் சொன்னது நினைவிருக்கும். "மிதிச்சேன். பிடிக்கல. தரையோட போயிடுச்சு." எல்லா டிரைவரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று அரசு வக்கீல் சிரித்தார். உங்கள் அண்ணன் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

அந்த ரப்பர் ஏன் அப்படி ஆகும், தம்பி? உங்களுக்குத் தெரியாததா. உடனே எழுதுங்கள்.

அண்ணி


ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? போன கடிதம் கிடைத்ததா? ஐந்து வாரம் ஆகிறது. பட்டறைக்குப் போன் செய்தேன். "இப்பதான் வெளிய போனாரு" என்றார்கள். இரண்டு தடவையும் இப்போதுதான் வெளியே போயிருந்தீர்கள்.

காரை எடுக்கவில்லை. மூடியை மேலாக வைத்துத் துணி போட்டு மூடிவிட்டேன். இன்னும் பஸ்தான்.

கல்யாண வேலையில் அலைகிறீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு வரி எழுதினால் போதும்.

அண்ணி


ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணிக்கு,

மன்னியுங்கள். உடம்பு சரியில்லை, தூக்கம் வருவதில்லை. வேறொன்றும் இல்லை.

ரப்பர் என்றால் நாளானால் உப்பத்தான் செய்யும். வெயில், தூசி, ஆறு மாதம் சும்மா நின்றது, எல்லாம் சேர்ந்துதான். பெரிதாக நினைக்க வேண்டாம். டப்பாவில் இருப்பதை உறிஞ்சி எடுத்துச் சாக்கடையில் கொட்டிவிடுங்கள். ரப்பரையும் எறிந்துவிடுங்கள், புது மூடி நான் அனுப்புகிறேன். டப்பாவைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள்.

உள்ளூர்ப் பட்டறை எதிலும் காட்ட வேண்டாம். தெரியாத பெண்பிள்ளை என்றால் இல்லாத கோளாறையெல்லாம் சொல்வார்கள்.

இல்லாவிட்டால் ஒன்று செய்யுங்கள். எதையும் தொடாமல் விட்டுவிடுங்கள். ஜூன் பத்தாம் தேதிக்குள் நானே வந்து எல்லாம் சரிசெய்து தருகிறேன். நீங்கள் வேலையில் இருப்பீர்கள். ஷெட் சாவியை டீச்சர் வீட்டில் கொடுத்துவைத்தால் போதும்.

தம்பி


மே 7

அன்புள்ள குட்டியின் அம்மாவுக்கு,

நான் நலம். சளி விட்டுவிட்டது. குட்டி கணக்கில் நல்ல மார்க் வாங்கியதைக் கேட்டு மகிழ்ச்சி. அவளுக்கு என் முத்தங்கள்.

தம்பி எழுதியிருந்தான். நீ காரைக் குடைகிறாய் என்று கவலைப்படுகிறான். அவன் சொல்கிறபடி செய். மூடியை மாற்று, எண்ணெயைக் கொட்டு, வண்டியை விற்றுவிடு.

இங்கே கடிதங்களைப் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். படித்தால் படிக்கட்டும், இது என்னைப் பற்றிய விஷயம்தான். விபத்து நடந்தது சனிக்கிழமை. பெடல் இறங்குகிறது என்பது எனக்கு வெள்ளிக்கிழமை காலையிலேயே தெரியும். விட்டு விட்டு மிதித்தால் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்படி ஒரு வண்டியைச் சரிவுத் தெருவில் இறக்கியவன் நான்தான். ஆகவே நீ தேடிக்கொண்டிருப்பது எதுவானாலும் என் கணக்கு அதனால் தீராது. எனக்குத் தெரியாத எதையும் நீ கண்டுபிடிக்கப்போவதில்லை.

அவனுக்கு இப்போதுதான் ஒரு வாழ்க்கை அமையப்போகிறது. ஒரு வீட்டில் ஒருவன் உள்ளே இருந்தால் போதும்.

உன்னுடைய


மே 16

தம்பிக்கு,

நான் நலம். உங்கள் தூக்கம் எப்படி இருக்கிறது என்று இந்தத் தடவை கேட்கப்போவதில்லை.

நீங்கள் கொட்டச் சொன்னதை நான் கொட்டவில்லை. அந்த ரப்பரை ஒரு காலி மாத்திரை டப்பாவில் போட்டுக் கடைக்கு எடுத்துப்போனேன். எங்கள் கிளைக்கு மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்க ஒரு லாரி மெக்கானிக் வருவார். நான் எதுவும் சொல்லவில்லை, டப்பாவை மட்டும் நீட்டினேன். அவர் முகர்ந்து பார்த்தார். விரலால் அழுத்திப் பார்த்தார்.

"யாரும்மா இந்த வேலையப் பண்ணது? பிரேக் ஆயில் டப்பால எஞ்சின் ஆயில ஊத்தியிருக்காங்க."

"ஊத்துனா என்ன ஆகும்?"

"ரப்பரெல்லாம் ஊறிப்போயிடும்மா. இது வெளிய இருக்குற ரப்பரு. உள்ளயும் இதே மாதிரி இருக்கு, அதுதான் பிரேக்கப் பிடிக்க வைக்கிறது. ஒரு நாள் ரெண்டு நாள் தாங்கும். அப்புறம் ஒரு மிதியில தரையோட போயிடும்."

"ஒருத்தர் சோதிச்சுப் பாத்து நல்லா இருக்குன்னு சொன்னாரே?"

"நிக்கிற வண்டியில நாலு தடவை விட்டு விட்டு மிதிச்சா பிடிக்கிற மாதிரிதான் இருக்கும். மூடியத் தொறந்து பாத்திருக்க மாட்டாரு."

வீட்டுக்கு வந்து ஷெட்டில் தேடினேன். விபத்துக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை, நீங்கள் ஊருக்குக் கிளம்பும் முன் வண்டியைப் பார்த்துக் கொடுத்தீர்கள். பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, தோளில் பையோடு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு அண்ணி, ஒரு துணி குடுங்க" என்று கேட்டது என் கண்ணிலேயே நிற்கிறது. சுவர்மேல் இரண்டு டின் இருந்தது. நான்தான் இரண்டையும் பலகையில் எடுத்துவைத்தேன். இன்றைக்கும் அங்கேயே இருக்கின்றன. எஞ்சின் ஆயில் டின் பாதி காலி. பிரேக் ஆயில் டின்னில் சீல் உடையவே இல்லை.

அவசரத்தில் கை மாறிவிட்டது. வேண்டுமென்று யார் செய்வார்கள். அப்போதே தெரிந்ததா, பிறகு புரிந்ததா, அதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் மார்ச் மாதத்தில் நான் எழுதியதைப் படித்தபோது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் சாக்கடையில் கொட்டச் சொன்னீர்கள். அதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை.

வாருங்கள். வந்து உங்கள் வாயால் சொல்லுங்கள். ஜூன் பத்தாம் தேதி வரை பார்க்கிறேன். சாவி டீச்சர் வீட்டில் இருக்கிறது.

அண்ணி


ஜூன் 9

அண்ணி,

டீச்சரிடம் சாவி வாங்கிக்கொண்டேன். நீங்கள் வரும்வரை இருக்க முடியவில்லை.

பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் புதிது. நான்கு சக்கரத்திலும் ரப்பர் புதிது, குழாய்களைக் கழுவிப் புது ஆயில் விட்டிருக்கிறேன். விளக்கையும் மாற்றிவிட்டேன். தெருக்கோடி வரை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். பெடல் உறுதியாக நிற்கிறது.

பிரேக் இப்போது நன்றாக இருக்கிறது. பயப்படாமல் ஓட்டுங்கள்.


ஜூன் 20

அன்புள்ள உங்களுக்கு,

நானும் குட்டியும் நலம். அவளுக்கு ஒரு பல் விழுந்திருக்கிறது. உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாள்.

இந்தக் கடிதத்தைப் படிக்கிற அதிகாரியும் சேர்த்தே படிக்கட்டும். உங்களுக்குக் கோபம் வரும். வந்தாலும் முழுசாகப் படியுங்கள்.

மே மாதம் நான் தம்பிக்கு எழுதிய அதே வாரம் வக்கீலையும் பார்த்தேன். அதைத் தம்பிக்கும் சொல்லவில்லை, உங்களுக்கும் சொல்லவில்லை. மே 28 அன்று நீதிமன்ற உத்தரவோடு ஆய்வாளர் வந்தார். முன்பு வந்தவர் இல்லை, வேறொருவர். எண்ணெயை இரண்டு பாட்டிலில் எடுத்துச் சீல் வைத்தார். பிரேக்கின் உள்ளே இருந்த ரப்பர்களைக் கழற்றிக்கொண்டார். நான் வைத்திருந்த ரப்பரையும் இரண்டு டின்களையும் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "எடுக்க வேண்டியத எடுத்தாச்சும்மா. இனிமே வண்டிய நீங்க சரி பண்ணிக்கலாம்" என்றார்.

ஒன்பதாம் தேதி நான் வேலையில் இருந்தபோது தம்பி வந்திருக்கிறார். வந்து எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் புதிதாக்கிவிட்டுப் போய்விட்டார். அவர் எழுதிவைத்த துண்டுக் காகிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஆதாரத்தை அழிக்கத்தான் வந்தான், கழுவிவிட்டு ஓடிவிட்டான் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். டீச்சர்தான் சொன்னார். "நாலு மணி நேரம் வேலை பாத்தாரு. போறப்ப கை கழுவத் தண்ணி கேட்டாரு. கழுவினாரு, கழுவினாரு, சோப்பு கரைஞ்சே போச்சு."

அப்புறம்தான் யோசித்தேன். பானட்டைத் திறந்ததுமே ரப்பர் இல்லாததை அவர் பார்த்திருப்பார். பலகையில் டின் இல்லாததையும் பார்த்திருப்பார். எல்லாம் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது என்று தெரிந்த பிறகும் உட்கார்ந்து நான்கு மணி நேரம் வேலை செய்திருக்கிறார்.

பன்னிரண்டாம் தேதி பட்டறை முதலாளி போன் செய்தார். "உங்க வீட்ல இருக்காராம்மா?" ஊருக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. அறையில் பெட்டி இருக்கிறது, கல்யாணத்துக்கு எடுத்த துணி இருக்கிறது, அவர் இல்லை. பெண் வீட்டுக்கும் எதுவும் தெரியாது. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்றுவரை தகவல் இல்லை. போன் மணி அடித்தால் எடுக்கப் பயமாக இருக்கிறது. அவரை அவ்வளவு திட்டியவள், இப்போது தெருவில் யாராவது பையோடு வந்தால் எழுந்து பார்க்கிறேன்.

நேற்றுத் தையல்காரம்மா வீட்டுக்குப் போனேன். வழக்கு மறுபடி வரப்போகிறது என்பதை அவர்கள் வேறு யார் வாயாலும் கேட்கக் கூடாது என்று தோன்றியது. காரை எடுக்காமல் நடந்தே போனேன். கடைக்குப் பின்னாலேயே வீடு. முன்னறையில் தையல் மெஷின்மேல் ஒரு போர்வை போட்டிருந்தது. அவருடைய வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். நான் யார் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"தெரியும்" என்றார். "உங்க கொழுந்தன் வந்துட்டுப் போனாரு."

ஒன்பதாம் தேதி சாயங்காலம். நம் வீட்டிலிருந்து நேராக அங்கேதான் போயிருக்கிறார். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். எஞ்சின் ஆயில், பஸ்ஸுக்கு நேரமானது, எனக்கு எழுதிய பொய், எதையும் விடவில்லை.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. கதவ மூடிட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சுத் தொறந்து பாத்தேன், ஆள் இல்ல." அவர் கீழே பார்த்தார். "மூடியிருக்கக் கூடாதோன்னு தினமும் நெனைக்கிறேன்."

நான் வழக்கைப் பற்றிச் சொன்னேன். கோர்ட்டில் கேட்டால் தம்பி சொன்னதை வந்து சொல்வதாகச் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன். படி இறங்கும்போது கூப்பிட்டார்.

"ஒண்ணு கேக்கணும். பிரேக்கு அன்னிக்குத்தான் திடீர்னு போச்சா, இல்ல, முன்னாடியே தெரியுமா உங்க வீட்டுக்காரருக்கு?"

வக்கீல் என்னிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார், அந்த வெள்ளிக்கிழமைப் பேச்சை யாரிடமும் எடுக்காதீர்கள், வழக்கே கவிழ்ந்துவிடும் என்று. உங்கள் மே மாதக் கடிதத்தையும் பத்திரமாக உள்ளே வைக்கச் சொல்லியிருந்தார். எனக்கு எல்லாம் நினைவில் இருந்தது. குட்டி பஸ்ஸில் கண்ணை மூடிக்கொள்வதும் நினைவில் இருந்தது. "தெரியாது" என்று ஒரு சொல் சொன்னால் போதும். அப்படி ஒரு பொய்யைத் தேடித்தான் தம்பி ஐந்து வாரம் எனக்குப் பதில் எழுதாமல் இருந்தார். நீங்களும் அந்த வெள்ளிக்கிழமையை மே மாதம் வரை என்னிடம் சொல்லவில்லை.

"தெரியும். வெள்ளிக்கிழமையே தெரியும். ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்னு விட்டுட்டாரு" என்றேன்.

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கன்னத்தில் அறைந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். நான் திரும்பித் தெருவில் இறங்கினேன். சரிவின் அடிவரை வந்தும் பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்கவில்லை.

விசாரணை ஜூலை 22. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தம்பியிடமிருந்து உங்களுக்கு ஒரு வரி வந்திருந்தாலும் உடனே எழுதுங்கள்.

உங்கள் மனைவி